மோட்டார் அறையில் ஒரு கூகைக் குடும்பம்

டீ நன்றாக இருக்கிறது ஐயா. எங்கள் அலுவலகத்தில் பொத்தானை அழுத்தினால் ஒரு மெஷின் வெந்நீரில் எதையோ கலந்து துப்பும். வருஷக்கணக்கில் அதையே குடித்தவனுக்கு இது அமிர்தம். எழுதுகிறவருக்கும் ஒன்று சொல்லுங்கள். நான் கொஞ்சம் நீட்டி முழக்கிப் பேசுகிற ஆள். வேலையில் என்னைப் பேச விடமாட்டார்கள், கேட்கத்தான் விடுவார்கள். அதனால் யாராவது காது கொடுத்தால் எனக்குக் குஷி வந்துவிடும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனியில் புகார்ப் பிரிவு. காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவேன். நடுவில் ஊரே என்னைத் திட்டும். பால் திரிந்தால் நான் காரணம், சட்டை சாயம் போனால் நான் காரணம். ஒருத்தருடைய மாமியார் வீட்டில் மெஷின் பழுதாகி, மகள் வீட்டுக்குத் துணி துவைக்க வந்த அம்மாள் திரும்பியே போகவில்லையாம். அதற்கும் நான்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: குரல் உயரக் கூடாது, தாழவும் கூடாது. 'உங்க புகார் பதிவாயிருக்கு. எங்க ஆள் கிளம்பிட்டார். தயவுசெஞ்சு இணைப்புல காத்திருங்க.' எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் இதில் அடங்கிவிடுவார். ஆள் கிளம்பினாரா இல்லையா என்பது வேறு கதை. அந்தக் குரலை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை. என் மனைவிகூட அதைக் கேட்டதில்லை.

இப்படிக் காது புண்ணாகி வீட்டுக்கு வருகிறவன் என்ன செய்வான்? சிலர் குடிப்பார்கள். சிலர் டிவியைப் போட்டுக்கொண்டு அதைத் திட்டுவார்கள். நான் ஒரு கேமரா வாங்கினேன். காடு, மலை என்று சுற்ற எனக்கு லீவும் கிடையாது, முட்டியில் தெம்பும் கிடையாது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சாக்கடைக் கால்வாய் ஓடுகிறது. அதன் கம்பிவேலியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். சாக்கடையில் அதற்கு என்ன கிடைக்கிறது என்று நானும் யோசித்திருக்கிறேன். ஆனால் அந்த நீலம் இருக்கிறதே ஐயா, அதைப் பார்த்த நிமிஷத்தில் அன்றைக்கு வாங்கிய வசவெல்லாம் உதிர்ந்துபோகும். கார் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சண்டைக்குப் போகிற மைனா, தண்ணீர்த் தொட்டி மூடிமேல் வெயில் காய்கிற ஓணான், எல்லாம் என்னிடம் இருக்கிறது. இவை எதுவும் புகார் சொல்லாது. எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான்.

முதல் மாடியில் ஒரு பூனை இருந்தது. மைனாவைக் குறிவைத்தபடியே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் இறக்கிவிட்டு வந்தேன். அந்த வீட்டுக் குழந்தை பல நாள் தேடினாள். 'காணவில்லை' என்று ஒட்டுவதற்குப் பூனையின் படம் வேண்டும் என்றார்கள். நல்ல படம் என்னிடம்தான் இருந்தது. பெரிதாகவே போட்டுக் கொடுத்தேன், குழந்தை எனக்கு நன்றி சொன்னாள்.

மச்சானைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஆறடி ஆள், உயரத்துக்கு ஏற்ற குரல். அவர் இரண்டாம் மாடி, நாங்கள் நான்காம் மாடி. அந்த வீட்டை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். மச்சானுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அதை அவர் கேலியில்தான் காட்டுவார். சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் "நம்ம மாப்ள ஆபீஸ்ல வாய் திறக்கறதுக்குச் சம்பளம் வாங்கறாரு, வீட்ல மூடறதுக்குத் தங்கச்சிகிட்ட திட்டு வாங்கறாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவருக்குச் சிரித்தால் மூச்சு இரைக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர் இருக்கும். அதை உறிஞ்சிவிட்டு மறுபடியும் சிரிப்பார்.

மொட்டைமாடியில் லிப்ட் மோட்டார் அறை இருக்கிறது. அதில் ஜன்னல் கிடையாது, மேற்குப் பக்கம் காற்று வர ஒரு சதுர ஓட்டை மட்டும். அதன் தகடு எப்போதோ பெயர்ந்து விழுந்துவிட்டது. போன மழைக்குப் பிறகு ஒருநாள் அங்கே இருந்து யாரோ குறட்டை விடுவதுபோல் சத்தம் கேட்டது. மச்சானிடம் சொன்னேன். "எனக்குப் படி ஏறி இறங்க முடியாது, நீங்களே பாத்துச் சொல்லுங்க மாப்ள" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். நான் சம்பளமில்லாத வேலைக்காரன் என்று அவருக்கு நினைப்பு.

கதவைத் திறந்தேன். மோட்டாருக்குப் பின்னால், சுவரோரத் திட்டில், வெள்ளைப் பஞ்சுருண்டைகளாக நாலு குஞ்சு. இதய வடிவத்தில் முகம். எல்லாம் ஒன்றாகத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தன. கட்டடத்தில் எல்லோரும் ஆந்தை ஆந்தை என்றார்கள். அது கூகை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை. இத்தனை வருஷம் சாக்கடைக் கரையில் காத்துக் கிடந்தவனுக்கு என் தலைக்கு மேலேயே ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது.

அன்று முதல் ஆபீஸ் விட்டால் நேரே மோட்டார் அறைதான். ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொள்வேன். குறுக்கே ஒரு இரும்புக் குழாய் போகிறது. அதற்குக் கீழே குனிந்து பார்த்தால்தான் ஓட்டை முழுசாகத் தெரியும், அதனால் கேமராவைத் தரையோடு தரையாக வைக்கவேண்டும். டப்பாவில் உட்கார்ந்தாலும் முதுகை வில்லாக வளைத்தால்தான் கண் கேமராவுக்கு எட்டும். ஒருநாள் மச்சான் லிப்டில் ஐந்தாம் மாடி வரை வந்து, மிச்சப் படிகளை மூச்சு வாங்க ஏறி, கதவருகே நின்று பார்த்தார்.

"என்ன மாப்ள, அடைக்கோழி மாதிரி உக்காந்திருக்கீங்க? முதுகு போயிடும்யா."

அப்புறம் டப்பாவையும் கேமராவையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, குனிந்து கேமராவின் உயரத்துக்குக் கையை வைத்துப் பார்த்தார். இன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் இதை நடித்துக் காட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நடிக்கவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். தாய்க்கூகை இருட்டும் முன்பே இரை தேடப் போய்விடும். எலியைக் கவ்விக்கொண்டு ஓட்டை வழியாக உள்ளே நுழைகிற அந்த நொடியில் இரண்டு இறக்கையும் முழுசாக விரியும். மறைகிற சூரியன் வருஷத்தில் கொஞ்ச நாளைக்கு மட்டும்தான் அந்த ஓட்டைக்கு நேராக வரும். வெளிச்சம் இறக்கைக்குப் பின்னாலிருந்து வரும், ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும். அந்தப் படம் கிடைத்துவிட்டால் என் வாழ்க்கையில் நான் கேட்ட அத்தனை வசவும் கழிந்துபோகும் என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு இடைஞ்சல் லிப்ட். மோட்டார் ஓடினால் தரை அதிரும், கேமரா ஆடும், படம் கலங்கிவிடும். அதோடு சத்தம் கேட்டால் தாய் ஓட்டை வரை வந்து திரும்பிவிடும். அதனால் சூரியன் இறங்குகிற நேரத்தில் லிப்டின் மெயின் சுவிட்சை இறக்கிவைக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம்தான். மூன்றாம் மாடியில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள், காய்கறிப் பையோடு ஏறுவாள். நடந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். இறக்குவதற்கு முன் லிப்ட் காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொள்வேன். நான் மனுஷன்தானே.

பிறகு சங்கக் கூட்டம் நடந்தது. குஞ்சுகள் வளர வளரச் சத்தமும் கூடும், நாற்றமும் கூடும். ஐந்தாம் மாடிக்காரர் ஆளைக் கூப்பிட்டுக் கூட்டைக் கலைத்து ஓட்டையை அடைத்துவிடவேண்டும் என்றார். இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "சரி விடுங்க, நான் பாத்துக்கறேன். கொஞ்ச நாள் பொறுங்க" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

'நான் பாத்துக்கறேன்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா ஐயா? நாள் முழுக்க நானே அதைத்தானே சொல்கிறேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்றைக்கு வேண்டுமானாலும் மச்சான் ஒரு சாக்குப்பையோடு மேலே வருவார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. குஞ்சுகள் ஓட்டை விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பழகிக்கொண்டிருந்தன. இன்றைக்கோ நாளைக்கோ பறந்துவிடும். அதற்குள் என் படம் கிடைத்தாகவேண்டும்.

சம்பவ நாளுக்கு வருகிறேன். எழுதுகிறவருக்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். அன்று சனிக்கிழமை. என் மனைவி எங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மழை பெய்து ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. தாய் வெளியே போயிருந்தது. நான் வழக்கம்போல சுவிட்சை இறக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் அவசரத் தொலைபேசி அடித்தது. லிப்டுக்குள் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் வாட்ச்மேன் அறையிலும் மோட்டார் அறையிலும் மணி அடிக்கும். பேட்டரியில் ஓடுவதால் மெயின் சுவிட்ச் இறங்கியிருந்தாலும் வேலை செய்யும். அது லிப்ட் கம்பெனிக்குப் போகிறது என்றுதான் கட்டடத்தில் எல்லோருக்கும் நினைப்பு. வாட்ச்மேன் அறை போன் பழுதாகிப் பல மாதம் ஆகிறது. எனவே மணி என் காதருகே மட்டும்தான் அடித்தது. குஞ்சுகள் வெலவெலத்துப் போய்விட்டன. நான் சட்டென்று எடுத்தேன். குஞ்சுகள் பயப்படக் கூடாதே என்று என்னையறியாமல் ஆபீஸ் குரல் வந்துவிட்டது.

"வணக்கம் சார். சொல்லுங்க, எப்படி உதவலாம்?"

"லிப்ட் நின்னுபோச்சுங்க. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குதுபோல. நான்தான் இந்தக் கட்டடத்துச் செயலாளர் பேசறேன். லிப்ட் கம்பெனிதானே?"

மச்சான்.

"உங்க புகார் பதிவாயிருக்கு சார். எங்க ஆள் கிளம்பிட்டார்."

"சீக்கிரம் வரச்சொல்லுங்க. மொபைல்ல சிக்னல் இல்ல. ஃபேனும் ஓடல, எனக்குக் கொஞ்சம் மூச்சுத் தொந்தரவு உண்டு."

"தயவுசெஞ்சு இணைப்புல காத்திருங்க."

சுவிட்சை ஏற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏற்றினால் மோட்டார் ஓடும். தாய் திரும்பி வருகிற நேரம் அது, வெளிச்சம் ஓட்டையின் விளிம்பைத் தொட்டாகிவிட்டது. கொஞ்சம் பொறுக்கட்டும், கூட்டத்தில் அவரே சொன்னதுதானே என்று நினைத்தேன்.

அப்போது என் மொபைல் துடித்தது. மச்சானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"தம்பி, உங்க மச்சான் அங்க வந்துட்டாரா? இன்ஹேலரை மேஜை மேலயே வச்சுட்டுப் போயிட்டாரு. சட்டையை மாத்திக்கிட்டு அப்படியே கிளம்பிட்டாரு. லிப்ட் வேற நின்னுபோச்சு, என் முட்டிக்கு ஏறி வர முடியாது. நீங்க ஒரு எட்டு வந்து வாங்கிட்டுப் போறீங்களா?"

"வந்துட்டே இருக்கார் அக்கா. நான் பாத்துக்கறேன்" என்று மெதுவாகச் சொன்னேன். உண்மைதானே, அவர் வந்துகொண்டுதான் இருந்தார்.

மறுபடியும் மணி. இந்தமுறை வார்த்தைகளுக்கு நடுவில் இழுப்பு கேட்டது.

"சார்... உங்க ஆள் வர நேரமாகும்னா... மேல மோட்டார் ரூம்ல என் மாப்ள இருக்காரு. ஆந்தைப் படம் எடுக்கறவரு. அவருக்குத்தான் ஒரு சாமான் கொண்டு போறேன். அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க... உடனே ஓடி வந்துருவாரு. நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க."

சொன்னார். ஒரு எண்கூடத் தடுமாறவில்லை. என் நம்பரை அவர் மனப்பாடமாக வைத்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. நான் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். எங்கள் பிரிவில் அது விதி.

"ஆமா, அதேதான். நல்ல மனுஷன் சார்... ஓடி வந்துருவாரு."

என் மனசு இளகவில்லையா என்கிறீர்கள். இத்தனை வருஷ அனுபவத்தில் ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறேன் ஐயா. காரியம் ஆகவேண்டும் என்றால் யாரும் தேனாகப் பேசுவார்கள். பழுது சரியான மறுநாள் உங்களை அடையாளம்கூடத் தெரியாது. 'சாமான்' என்றாரே, அது சாக்குப்பைதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் பேச்சில் மயங்கி அந்த நாலு குஞ்சுகளை நான் காட்டிக்கொடுக்க முடியாது.

மூன்றாவது முறை மணி அடித்தபோது பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும்தான். துருத்தி ஊதுகிற மாதிரி, விட்டு விட்டு. அதற்கும் நான் "இணைப்புல காத்திருங்க சார்" என்று சொன்னேன். மரியாதை குறைத்துப் பேசவில்லை. போனை வைத்தால் திரும்ப மணி அடிக்கும், அதனால் வைக்காமல் என் துண்டில் சுற்றித் தரையில் படுக்கவைத்தேன். சத்தம் கொஞ்ச நேரம் துண்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் அந்தப் பக்கமே பார்த்தன. பிறகு அது நின்றுவிட்டது.

நின்ற உடனே தாய் வந்தது.

ஐயா, அதை எப்படிச் சொல்வேன். சூரியன் அதன் முதுகில் நிற்கிறது. இரண்டு இறக்கையும் ஓட்டையை நிறைத்து விரிந்திருக்கிறது. இறகின் ஒவ்வொரு நரம்பும் பொன்கம்பி. அலகில் எலி. கீழே நாலு வாய் திறந்திருக்கிறது. ஒரு அசைவில்லை, ஒரு அதிர்வில்லை. நான் விரலை அழுத்தினேன்.

சுவிட்சை ஏற்றினேன். லிப்ட் ஐந்தாம் மாடிக்கு வந்து திறந்துகொண்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். மச்சான் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். புதுச் சட்டை. தொட்டுப் பார்த்தேன், கூப்பிட்டேன். அழுதேன் ஐயா. வாய்விட்டுத்தான் அழுதேன், ஐந்தாம் மாடிக்காரரே சாட்சி. கரண்ட் போய்விட்டது என்று நான் சொன்னதை அந்தக் களேபரத்தில் எல்லோரும் நம்பினார்கள். மூன்றாம் மாடிப் பெண் மட்டும் அந்த நேரம் தான் டிவி பார்த்துக்கொண்டிருந்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

'வழக்கம்போல சுவிட்சை இறக்கினேன்' என்று சொன்னேன் இல்லையா, அதை மட்டும் அடித்துவிட்டு மாற்றி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தப்பாகப் பதிவாகக் கூடாது. அதற்குச் சற்று முன்னால் மச்சான் எனக்கு போன் செய்தார். "மாப்ள, மேல வரேன், இருங்க" என்றார். "வாங்க மச்சான்" என்றேன். லிப்ட் கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டேன். மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. மூன்றாம் மாடி தாண்டட்டும் என்று காத்திருந்து, பிறகுதான் இறக்கினேன். அவரிடமிருந்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. குஞ்சுகள் நாலும் மறுவாரமே பறந்துபோய்விட்டன, நலமாக இருக்கின்றன. படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.

சாக்குப்பை கிடைத்ததா என்று கேட்டீர்கள். கிடைக்கவில்லை. அவர் மடியில் ஒரு சின்ன மர நாற்காலி இருந்தது, இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வந்து சேர்ந்தது. கூடு கலைப்பதை உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதற்குக் கொண்டுவந்திருப்பார். நல்ல வேலைப்பாடு, முதுகுக்குச் சாய்மானம், மெத்தைகூட வைத்துத் தைத்திருக்கிறது. கால்களை மட்டும் தச்சரிடம் கொடுத்துப் பாதிக்கு மேல் அறுத்திருக்கிறார். மோட்டார் அறையில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன், முதுகு வளையாமல் கண் நேராகக் கேமராவில் போய் நிற்கிறது. மச்சான் ஆறடி ஆள் ஐயா. தனக்கு உட்கார இவ்வளவு குட்டையான நாற்காலியை எதற்குச் செய்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.